மெயினுக்கு முன்னால் ஒரு சிவப்பு பல்பு

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை ஜெயித்தாள். அதுவே வீட்டில் யாரும் எதிர்பாராதது. ஐடிஐ வாசலில், "பாப்பா, தையல் பிரிவு பக்கத்துக் கட்டடம்" என்று வழிகாட்டிய வாட்ச்மேனை ஜெயித்தாள். "தைக்கிறதுக்கு எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா, அது போதும்" என்று சொல்லிவிட்டு எலக்ட்ரீசியன் பிரிவுக்குள் நுழைந்தாள். ஏணியில் ஏறினால் ஊரே கீழே நின்று வேடிக்கை பார்க்கும் என்று அழுத அம்மாவை, அக்கா தடித்த துணியில் தைத்துக் கொடுத்த பேண்ட்டைப் போட்டுக்கொண்டு ஜெயித்தாள். சுவரைத் துளைக்கும் மிஷின் முதலில் அவளை ஆட்டியது, பிறகு அவள் சொன்னபடி ஆடியது. லைசென்ஸ் பரீட்சை ஒருமுறை அவளைக் கவிழ்த்தது, மறுமுறை அவள் அதைக் கவிழ்த்தாள். "பொம்பள மாட்டுன பேனு சுத்துமா?" என்று கேட்ட இலுப்பூர் மளிகைக் கடைக்காரர், இப்போது அந்தப் பேன் சுற்றுகிற சுற்றில் தாள்கள் பறக்காமலிருக்கத் தராசுப் படிக்கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இத்தனையும் ஜெயித்த டயானாவுக்கு ஒன்று மட்டும் கைக்கு எட்டாமல் இருந்தது. அவள் வயரிங் செய்த வீடுகள் இலுப்பூரைச் சுற்றி எத்தனையோ உண்டு. ஆனால் அத்தனையும் அய்யப்பன் என்ற கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தபோது செய்தவை. வேலை முடிந்ததும், வயரிங் சரியாக இருக்கிறது என்று மின்வாரியத்துக்குக் கொடுக்கும் அறிக்கையில் அவர்தான் கையெழுத்துப் போடுவார். அது முறைதான், அதில் அவளுக்கு வருத்தமில்லை. சொந்த லைசென்ஸ் கைக்கு வந்ததும் அவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

"போயிட்டு வா ஆத்தா," என்றார் அய்யப்பன். "மொத வீட்ட முடிச்சுட்டு வந்து மிட்டாய் குடு. முடியலையா, நீ ஏறுன ஏணி இங்கிட்டுதான் சாஞ்சு கெடக்கு."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். டயானாவுக்கு அது காதில் நண்டு நுழைந்த மாதிரி குடைந்துகொண்டே இருந்தது.

முதல் வீடு ஆவூரில் கிடைத்தது. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற வியாகுலமேரியின் பழைய ஓட்டு வீடு. மகன் அலெக்ஸ் கத்தாரில் கிரேன் ஓட்டுகிறான். ஆகஸ்ட் மாதாத் திருநாளுக்கு மனைவி, கைக்குழந்தையோடு வருகிறான். அங்கேயே பிறந்து ஏசிக் குளிரிலேயே வளர்கிற பிள்ளை என்பதால் ஒரு அறைக்கு ஏசி வேண்டும். ஏசி போட வந்தவர் சுவரில் மரப்பட்டிமேல் ஓடிய அந்தக் காலத்து வயரைப் பார்த்துவிட்டு, "இதுல மாட்டுனா ஏசி ஓடாதும்மா, வீடுதான் ஓடும்" என்று சொல்லிப் போய்விட்டார். ஆகவே எல்லா வயரையும் மாற்ற வேண்டும், கூடுதல் மின்சாரத்துக்கு வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு டயானாவின் கையெழுத்து வேண்டும்.

கூட வேலைக்கு வருவதாகச் சொன்ன ஆள் அறந்தாங்கிப் பக்கம் பந்தல் லைட் போடப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் அக்கா ஜெனிபர் தையல் மிஷினை மூடிவைத்துவிட்டு ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஜெனிபர் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள். ஆனால் ஒரு ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தால், எடுத்த அளவை நம்பாமல் மறுபடியும் எடுப்பாள். தங்கை ஏணியின் உச்சிக்குப் போகப் போக, கீழே அவள் பெருமை ஒரு படி முன்னதாகவே ஏறிக்கொண்டிருக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

முதல் நாள் காலை டயானா மெயின் சுவிட்சை இறக்கினாள். பேன் நின்றது. பிரிட்ஜ் ஒரு முனகலோடு அடங்கியது. கூடம் மங்கியது. அந்த மங்கலில் ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது. திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்பு.

ஜெனிபர் சட்டென்று முழந்தாளிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "ஆண்டவரே... ஏடி, புதுமைடி!"

டயானா டெஸ்டரை எடுத்து அந்த வயரில் வைத்தாள். டெஸ்டரும் எரிந்தது. "எந்திரிக்கா. மெயினுக்கு முன்னாடியே எவனோ லைன் எடுத்துருக்கான்."

"எவனோ இல்லத்தா, எங்க வீட்டுக்காருதான் நின்னு செய்யச் சொன்னாக," என்றார் வியாகுலமேரி, சமையல்கட்டிலிருந்து வந்தபடியே. குரலில் பெருமை வழிந்தது. "அலெக்ஸு மொத தடவ பிளேன் ஏறுனப்ப நேந்துக்கிட்டது. அவன் வேலைய விட்டுட்டு ஊரோட வந்து சேர்ற வரைக்கும் இந்த வீட்டு ஆளு கையால இந்த வெளக்கு அணையக் கூடாது. மெயின யாராச்சும் மறந்து அணைச்சாலும் அணையாத மாதிரி செஞ்சுட்டுப் போனாக, மகராசன்."

மீட்டருக்கும் மெயின் சுவிட்சுக்கும் நடுவில் கொக்கி போட்ட மாதிரி கிளம்பிய அந்த வயர், பியூஸ் எதுவும் இல்லாமல், ஈரம் பூத்த சமையல்கட்டுச் சுவர் வழியாகச் சுற்றிக் கூடத்துக்கு வந்திருந்தது. வழியில் பாதி இடத்தில் மேல்தோல் உரிந்து கிடந்தது.

"பெரியம்மா, மழைக்காலத்துல இந்தச் சொவத்த தொட்டா என்னமும் தெரியுமா?"

"லேசா சுண்டும். ஆண்டவரு என்னைய நெனச்சுக்கிறாருன்னு நெனச்சுக்குவேன்."

ஜெனிபர் சிரித்துவிட்டாள். டயானா சிரிக்கவில்லை. "இத மெயினுக்குக் கீழ கொண்டாராம நான் கையெழுத்துப் போட முடியாது பெரியம்மா. மாத்தணும்னா கொஞ்ச நேரம் அணைக்கணும்."

வியாகுலமேரியின் முகம் இறுகியது. "அது மட்டும் நடக்காது. என் புள்ள அந்தரத்துல ஒக்காந்து கிரேன் ஓட்டுறான். நீ வீட்டயே பிரிச்சு மேஞ்சுக்க, நான் ஒண்ணும் சொல்லல. இத மட்டும் தொடாத."

"அதுவரைக்கும் மெழுகுவர்த்தி ஏத்தி வச்சா?" என்று ஜெனிபர் மெல்லக் கேட்டாள்.

"நான் நேந்தது மெழுகுவர்த்திக்கில்ல."

"பல்பு பியூஸ் போனா என்ன செய்வீங்க?"

"அது தானா போறது. அதுக்கு நான் என்ன செய்ய?" அவரே தொடர்ந்தார். "உன்னால முடியாதுன்னா சொல்லிரு ஆத்தா. கோவிச்சுக்க மாட்டேன். அய்யப்பன் நம்பரும் என்கிட்ட இருக்கு."

அந்தப் பெயர் வந்ததும் டயானா வாசலுக்குப் போய் நின்றாள். ஜெனிபர் பின்னாலேயே போனாள். "பேசாம அந்த வயர மட்டும் அப்புடியே விட்டுட்டு மத்தத முடிச்சுப் போட்ருவமாடி? கையெழுத்துத்தானே?"

"அது என் கையெழுத்துக்கா," என்றாள் டயானா.

தெருமுனையில் மின்வாரிய லைன்மேன் நிலவழகன் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். டயானா அவரைப் பார்த்தாள். பிறகு திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள்.

"பெரியம்மா, மாசா மாசம் பராமரிப்புன்னு பகல் பூரா கரண்ட்ட நிறுத்துறாகளே, அப்ப இந்த பல்பு?"

"அது கவர்மெண்டு அணைக்கிறது," என்றார் வியாகுலமேரி, இதுகூடத் தெரியாதா என்ற தோரணையில். "அந்தக் கணக்கு அவுகளுக்கும் ஆண்டவருக்கும். நான் எதுக்கு அதுக்குப் பொறுப்பு?"

"அப்ப அடுத்த தடவ கவர்மெண்டு அணைக்கட்டும். அணைஞ்ச நேரத்துல நான் மாத்திக்கிறேன். திரும்ப கரண்ட்டு வாரப்ப பல்பும் எரியும். நீங்களும் அணைக்கல, நானும் அணைக்கல."

வியாகுலமேரி யோசித்தார். ஆண்டவர் படத்தை ஒருமுறை பார்த்தார். எங்கும் ஓட்டை தெரியவில்லை. "ஆனா கரண்ட்டு வந்த பெறகு ஒரு நிமிசம் இது எரியாம நின்னாலும், அது நீ அணைச்சதாத்தான் கணக்கு. அன்னைக்கே ஏணியத் தூக்கிக்கிட்டுப் போயிரணும்."

"சரி."

மின்தடை நாள் வரும்வரை மற்ற அறைகளை எல்லாம் முடித்தாள். புதன்கிழமை காலை ஊரில் கரண்ட் போனது. சிவப்பு பல்பு தானாகவே அணைந்தது. டயானா முன்பே கேட்டுக்கொண்டபடி நிலவழகன் கம்பத்தில் ஏறி, அந்த வீட்டுக்கு வரும் இணைப்பின் பியூஸ் கட்டையை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். தவறிக்கூட லைன் வந்துவிடக் கூடாது என்பதற்கு.

"சாயங்காலம் அஞ்சு வரைக்கும் ஒனக்குத்தான் தங்கச்சி," என்றார்.

பழைய மரப்பட்டியைப் பெயர்த்து, புதிய மெயின் பெட்டியை மாட்டி, சிவப்பு பல்புக்கென்று தனி சுவிட்சிலிருந்து புது வயரைச் சமையல்கட்டின் ஈரச் சுவரைத் தொடாமல் மேலாகக் கொண்டுவந்தாள். ஜெனிபர் பிளாஸ்டிக் பட்டிகளை நூல் பிடித்து அளந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கோடு துணியில் போட்ட தையல் மாதிரி நேராகப் போனது. ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்த வியாகுலமேரிகூட ஒருமுறை உருட்டுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்.

சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் நிலவழகனிடமிருந்து போன் வந்தது. "தங்கச்சி, வேல சீக்கிரம் முடிஞ்சிருச்சு. இப்ப லைன் குடுக்கப் போறாக. ஒன் கட்டையப் போட்டுரவா?"

டயானா வயர்களை இணைத்துவிட்டிருந்தாள். சோதிப்பது மட்டும் பாக்கி. போடச் சொல்லுடி, போடச் சொல்லு என்று ஜெனிபர் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"இல்லண்ணே. நான் கூப்புட்ட பெறகு போடுங்க," என்று டயானா போனை வைத்தாள். சோதனைக் கருவியை எடுத்து ஒவ்வொரு வயராக வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது, சிவப்பு பல்பின் வயரைத் தவிர. அதில் முள் கீழேயே கிடந்தது, எங்கோ கரண்ட் கசியும் என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டில் மிக்சி உறுமியது. தெருவில் ரேடியோ பாடியது. ஊருக்குக் கரண்ட் வந்துவிட்டது.

வியாகுலமேரி எழுந்து நின்றார். "என்னத்தா, இன்னமும் எரியல?"

டயானா பட்டியைத் திறந்து திறந்து தேடினாள். கூடத்து மூலையில், ஜன்னலின் இரும்புச் சட்டத்தை ஒட்டி அகப்பட்டது. ஒரு ஸ்க்ரூ வயரின் தோலைக் கிழித்துச் செம்பில் குத்திக்கொண்டிருந்தது. அவளே முறுக்கியதுதான். அதைக் கழற்றி வியாகுலமேரியிடம் நீட்டினாள்.

"தப்பு என்னோடதுதான் பெரியம்மா. அப்பவே லைன் வாங்கியிருந்தா பல்பு எரிஞ்சுருக்கும். ஆனா இந்த ஸ்க்ரூ, அது தொட்டுக்கிட்டு இருந்த ஜன்னல் கம்பி, எல்லாத்துலயும் கரண்ட்டு எறங்கியிருக்கும். வரப்போறது கம்பியப் புடிச்சு எந்திரிக்கிற புள்ள. இந்த வயர மாத்தி, மறுபடி பாத்துட்டுத்தான் லைன் கேப்பேன். ஏணியத் தூக்கச் சொன்னா அதுக்கப்புறம் தூக்குறேன்."

ஜெனிபர் ஏணியைப் பிடித்தபடி நின்றாள்.

வெளியே பக்கத்து வீட்டுச் செவந்தி கத்தினாள். "பெரியம்மா, கரண்ட்டு வந்துருச்சே, ஒங்க வீட்டுல என்ன இருட்டு?"

வியாகுலமேரி ஸ்க்ரூவை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வாசலுக்குப் போனார்.

"எங்கிட்டுடி வந்துச்சு? எங்களுக்கு ஒண்ணும் வரலையே!" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். மிக்சி சத்தம் வந்த பக்கத்து ஜன்னலையும் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து ஜெபமாலையைக் கையில் எடுத்தார். "நம்ம தெருவுக்கு இன்னும் வரல. நீ பாரு ஆத்தா."

ஜெனிபரால் அடக்க முடியவில்லை. "பெரியம்மா, ஆண்டவருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். ஆனா அவரு போயி செவந்திகிட்ட சொல்ல மாட்டாரு."

டயானா அந்த நீள வயரை உருவி எறிந்துவிட்டுப் புதிதாக இழுத்தாள். அவசரப்படவில்லை. மறுபடி சோதித்தாள். முள் மேலே போய் நின்றது. அதன் பிறகுதான் நிலவழகனைக் கூப்பிட்டாள். கம்பத்தில் கட்டை விழுந்ததும் மெயினை ஏற்றினாள். சிவப்பு பல்பு எரிந்தது. வியாகுலமேரி கதவைத் திறந்து, தெருவுக்கே கேட்கும்படி, "இப்பத்தான் வந்துச்சு!" என்றார்.

மறுநாள் காலை அந்தக் கூடத்திலேயே, பேனுக்கு அடியில், டயானா அறிக்கையை மேசைமேல் விரித்துவைத்து நிரப்பினாள். வயரிங் செய்து சோதித்தவர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தாள். ஜெனிபர் காகிதம் பறக்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "மொத எழுத்து நேரா வரட்டும்" என்று மட்டும் சொன்னாள். அப்பா லூர்துநாதனின் முதலெழுத்தைப் போட்டு, புள்ளி வைத்து, தன் பெயரை முழுதாக எழுதினாள். லூ. டயானா. பக்கத்தில் தேதி போட்டாள்: 11.07.2024.