நெறி கட்டினால் புண் இருக்கும்

செங்கமலத்துக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள்போல வெங்காயக் காட்டுக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டே இருப்பாள். சிறுவாச்சூரில் அவளுக்கு அடுத்த வீடு எனக்கு. "செத்த உக்காருடி, கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று கேலி செய்தால், "வூட்டு வேலைய உங்கப்பனா செய்வான்?" என்பாள். வாய்க்காரி.

எண்பத்தெட்டில், லாரி ஓட்டும் அவள் புருஷன் தர்மனுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. நெறி கட்டினால் பக்கத்தில் எங்கேயோ புண் இருக்கும். புண் ஆறினால் நெறி கரையும். எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரியும். அவளும் மாமியார் ஆண்டாயியும் அவன் முடியை விலக்கி விலக்கித் தேடினார்கள். காதுக்குள் பார்த்தார்கள். கடைசியில் ஒரு கடைவாய்ப் பல்மேல் சந்தேகம் விழுந்தது. பெரம்பலூருக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். பல் போனது, நெறி எலுமிச்சை அளவுக்கு வந்தது.

மெட்ராசில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். துணைக்கு நானும் போனேன். கட்டியில் துளி வெட்டி, ரத்தமும் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் எங்களைக் கூப்பிட்டார்.

"புண்ணு எங்க சார் இருக்கு?" என்றாள் செங்கமலம்.

"புண் இல்லம்மா. ரத்தத்துல எய்ட்ஸ் கிருமி இருக்கு. கிருமி வந்தா உடம்புல இருக்கற அணுக்கள் ஒண்ணையொண்ணு கூப்பிடும். கூப்பிடறதுக்குன்னே சில பொருள் சுரக்கும். அதைக் கேட்டு வெள்ளணுக்கள் பெருகும். நெறி கட்டறது அப்படித்தான். கிருமி செத்தா கூப்பாடு நின்னுடும். இந்தக் கிருமி போகாது, கூப்பாடும் நிக்காது. பெருகினதுல சிலது கெட்டுப்போய்ப் புத்துநோயா மாறிடுச்சு. இதையெல்லாம் இப்பத்தான் கண்டுபிடிச்சிட்டு வர்றாங்க."

"அப்ப நல்ல பல்லையா சார் புடுங்கிப்புட்டோம்?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல், "புருஷன்கிட்டேருந்து பொஞ்சாதிக்கு ஒட்டும்மா. உங்க ரத்தத்தையும் பாத்துடணும்" என்றார். எடுத்தார்கள். முடிவு வர நாளாகுமாம்.

தர்மனுக்கு அவன் அண்ணனைத் துணை வைத்துவிட்டு, வெங்காயம் பிடுங்க நாங்கள் ஊருக்கு வந்தோம். அவன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அவளோ ஒரு வார்த்தை திட்டவில்லை. முன்னைவிட ஓடினாள். ஓட்டத்துக்கு நடுவே கை மட்டும் காதுக்குக் கீழே போய்த் தடவிப் பார்த்துவிட்டு வரும்.

முடிவு வருவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் காட்டில் என்னைத் தனியே இழுத்தாள். "தொடை இடுக்குல நெறி கட்டியிருக்குடி."

வரப்பில் உட்காரவைத்து அவள் காலைத் துழாவினேன். குதிகால் வெடிப்பில் கறுப்பாக ஒரு புள்ளி. அமுக்கினதும் துடித்தாள். கருவேல முள், சுற்றிச் சீழ் கோத்திருந்தது.

"அப்பாடா, புண்ணு இருக்கு" என்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் ஓடியது.

என் தாலிக்கயிற்றில் இருந்த ஊக்கைக் கழற்றினேன். "காட்டு, எடுத்துடறேன்."

காலை இழுத்துக்கொண்டாள். "வேணாம்டி. எடுத்து, புண்ணு ஆறி, அப்புறமும் நெறி கரையலன்னா?"

முள்ளோடேயே எழுந்து, நொண்டிக்கொண்டு வெங்காயம் பிடுங்கப் போனாள்.