மருந்து குறைந்த தோட்டா

வெளிநாட்டில், லிபெர்த்தா என்னும் இடத்தில் நான் வேலை செய்யும் வீட்டுக் கிழவர், போட்டியில் சுடும் கைத்துப்பாக்கித் தோட்டாக்களைத் தானே நிரப்புவார். இன்று அறையைத் துடைக்கப் போனபோது அடித்த வெடிமருந்து வாசனை என்னை மன்னாருக்குக் கொண்டுபோனது.

வயலில் காட்டுப்பன்றிக் காவலுக்கு வைத்திருந்த துவக்குக்குத் தோட்டா நிரப்பிக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடினேன். அப்போது எனக்கு ஏழு வயது.

"அப்பா, என்ரை சட்டையைப் பாருங்கோ!"

மருந்து அளந்த கை பாதியில் நின்றது. "ஓம், நல்ல வடிவு பிள்ளை" என்று சிரித்தார். பிறகு, வழக்கமாக உள்ளே எட்டிப் பார்ப்பவர், அன்று பார்க்காமலே அந்தத் தோட்டாவை மூடினார்.

மறுநாள் விடியற்காலை வயலில் துவக்கு புஸ்ஸென்றது. பன்றி அப்பாவைக் குத்திக் கொன்றது. "மருந்து குறைஞ்சு போச்சு" என்று ஊரே கதைத்தது. நான் கூப்பிட்டதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

கிழவர் ஒரு தோட்டாவுக்குள் டோர்ச் அடித்து மருந்தின் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு நிமிர்ந்து, என்ன வேண்டும் என்று கேட்டார். அவர் பார்த்து முடிக்கட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.