பனிமலைக்கு முன்னால் என் வீட்டுக்காரர்

போன சுதந்திர தினத்துக்கு ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் பெரிய பிளெக்ஸ். கல்யாணமான புதிதில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி, இரண்டாள் உயரத்துக்கு என் வீட்டுக்காரரை நிறுத்தியிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் பனிமலை. எல்லையில் உயிர்நீத்த வீரர் என்று கீழே எழுதியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. அவர் செத்த இடத்தில் பனியும் கிடையாது, மலையும் கிடையாது.

அவர் செத்தது யாழ்ப்பாணத்தில். அமைதிப் படை என்று இங்கிருந்து அனுப்பினார்களே, அதில் போனவர். அங்கே துப்பாக்கி தூக்கிய பையன்களின் தலைவர்களைப் பிடித்து வரச் சொல்லி ஒரு குழுவை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கினார்களாம். முதலில் இறங்கியவர்களைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். பின்னால் வர வேண்டியவர்கள் வந்து சேரவில்லை. இதுவும் அவரோடு வேலை பார்த்த ஒருவர் வெகுகாலம் கழித்து வந்து சொன்னதுதான். உடல் வரவில்லை. சேரன்மகாதேவி வீட்டுக்குத் தந்திதான் வந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. ஊரே அந்தப் பக்கத்துப் பையன்களுக்காக உருகிக்கொண்டிருந்த காலம். தமிழனோடு சண்டைக்குப் போன தமிழனுக்கு எப்படி ஒப்பாரி வைப்பது? யாரையும் குறை சொல்ல முடியாது. என் தம்பியே அந்தப் பையன்களின் படத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தான். ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது. டெல்லிக்காரர்கள் மட்டும் என்ன யோக்கியம்? ஜெயித்த சண்டைக்கு வருஷா வருஷம் மாலை போடுகிறார்கள், டிவியில் காட்டுகிறார்கள். தோற்ற சண்டையில் செத்தவரை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்கள், பனிமலைக்கு முன்னால் வைத்துவிடலாம் என்று.

விழாவை நடத்திய வாத்தியாரைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். நல்ல பையன்தான், முகம் சுருங்கிவிட்டது.

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? பார்டர்னு சொன்னா எல்லாருக்கும் வெளங்கிரும்லா."

"பொய்யச் சொல்லித்தான் அவுகளுக்கு மரியாதை செய்யணுமா, தம்பி?" என்றேன்.

மைக்கை வாங்கி நானே சொல்லிவிட்டேன். எந்த ஊரில் செத்தார், எந்தக் காரியத்துக்குப் போய் அது நடக்காமல் போனது, எல்லாம். கடைசி நேரத்தில் அவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியாது, அது தெரியாமல் கண்ணை மூட மனசில்லை என்றும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. பிள்ளைகள் வாத்தியார் முகத்தைப் பார்த்தார்கள்.

மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே அகதிகள் முகாமில் இருப்பவள். மகள் அந்தப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். ஹெலிகாப்டரில் ஆட்கள் இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில்தான் அவர்கள் வீடு இருந்ததாம். அப்போது அவள் சின்னப் பிள்ளை. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கித்தான் பேசினாள்.

"ஒராள் எங்கட கதவுக்கு வெளியில கிடந்து தண்ணி கேட்டவர். தமிழிலதான் கேட்டவர். அம்மா எங்களைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருந்தவா, கதவைத் திறக்கேல்லை. விடியப் பாக்க, செத்துக் கிடந்தார்."

அன்றைக்கு இறங்கியவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை பேர் இருந்தார்களோ, எனக்குத் தெரியாது. அவர்தான் என்று என் மனசு முடிவு கட்டிவிட்டது. உங்கள் அம்மா எங்கே என்று கேட்டேன்.

"முகாமிலதான் செத்தவா. சாகுமட்டும் அதைச் சொல்லிச் சொல்லி அழுதவா."

ஒரு செம்புத் தண்ணீர்தானே, பாவி, என்று கத்தத் தோன்றியது உண்மை. ஆனால் கத்தவில்லை. இந்த நாட்டில் அவருக்காக அழுதவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொருத்தி ஒரு பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் இருந்து அழுதிருக்கிறாள். அவள் உயிரோடு இருக்கும்போதே தெரியாமல் போயிற்றே என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.