சங்கத்தில் இல்லாத இரண்டு பேர்

போன வாரம் என் சொத்தையெல்லாம் தர்மத்துக்கு எழுதி வைத்துவிட்டேன்.

பொய். "எல்லாம்" என்று சொல்கிற அளவுக்கு என்னிடம் எதுவும் இல்லை. எழுதவும் இல்லை... எனக்கு எழுதவே வராது. ஐந்தாம் வகுப்பை நான் விட்டேனா, அது என்னை விட்டதா என்று இன்னும் தீர்ப்பாகவில்லை. இந்தப் பத்தியைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மனைவி ராணிதான் எழுதுகிறாள்.

உள்ளது ஒரு வீடு, எல்கடுவ ரோட்டோரம் பத்து பேர்ச் அளவில் வெறும் நிலம். வீடு ராணிக்கு. நிலம், என் காலத்துக்குப் பிறகு, சாவு வீட்டுச் செலவைப் பார்க்கும் எங்கள் மரண உதவிச் சங்கத்துக்கு.

ஏன்? அப்பா தோட்டத்து லயத்து வீட்டில் செத்த அன்று பேய்மழை. பத்தடிக் காம்பராவில் பெட்டியை வைத்தபின் ஆள் நிற்க இடம் ஏது? வந்த சனமெல்லாம் வெளியே நனைந்தது. பெட்டியைத் தூக்கியதும் அப்பாவும் நனைந்தார். அந்த நிலத்தில் ஒரு கூரை போட்டால், இனிப் போகிறவர்களாவது நனையாமல் போகலாமே?

அவசரமும் உண்டு. திங்கட்கிழமை கண்டியில் எனக்கு நெஞ்சு ஆபரேஷன். எழுதாமல் போய்ச் சேர்ந்தால் அண்ணன் மகன் பங்கு கேட்டு வருவான். அங்கே கட்டப்போகும் கடைக்குப் பெயர்கூட வைத்துவிட்டான்.

மாத்தளை டவுனில் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஐயா, மரண சாசனம் என்கிற உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்றார். நானும் பெருமையாகச் சங்கத் தலைவரையும் செயலாளரையும் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். ஐயா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வாங்கப் போகிறவர்களே சாட்சியா? சங்க உறுப்பினர் ஒருவரும் வேண்டாம், பிறகு கோர்ட்டில் எவனாவது நோண்டுவான் என்றார்.

இங்கேதான் சிக்கல். எங்கள் பக்கம் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்களோ இல்லையோ, மரண சங்கத்தில் பதிந்துவிடுவார்கள். தபால்காரர் உறுப்பினர். முடி வெட்டுகிறவர் உறுப்பினர். சர்ச் பாதரும் உறுப்பினர். இரண்டு நாள் அலைந்தேன்.

மிளகு வியாபாரி அன்வர் நானா கிடைத்தார். அவருக்குப் பள்ளிவாசல் சங்கம் தனி. இன்னொருவர்? பலாபத்வலயில் டயர் கடை வைத்திருக்கும் மாணிக்கம் அண்ணன். சங்கத்தில் சேர்ந்தால் சாவு விலாசம் தேடி வந்துவிடும் என்று பயந்து, முப்பது வருஷமாகச் சேராத ஒரே மனிதர்!

மரண சாசனம் என்றதும் எழுந்தே விட்டார்.

"அட போடா. ஒன் சாவுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?"

"கையெழுத்து மட்டும் போதும்ண்ணே. கூட வரச் சொல்லல."

சிரிக்கவில்லை. அப்பா நனைந்த கதையைச் சொன்னேன். ஒரே டயரை மூன்று தடவை துடைத்தார்.

"வெள்ளிக்கெழம வர்றேன்" என்றார்.

இன்று வெள்ளிக்கிழமை. பத்து மணிக்குக் கையெழுத்து. அதற்குள் உங்களுக்கு நாலு நல்ல புத்தி சொல்லலாமென்று உட்கார்ந்தேன். முதலாவது, சாசனத்தில் சங்கத்தின் பட்டப்பெயரைப் போடாதீர்கள், பதிவான பெயரைத்தான்...

போன். அன்வர் நானா.

"தம்பி, சுருக்கா வாங்க. மாணிக்கண்ணன் வந்துட்டாரு, ஒங்க தலைவரும் வந்துட்டாரு. கூரை கதைய கேட்டு மனசு மாறி, இப்பவே சங்கத்துல சேரணும்னு நிக்கிறாரு மாணிக்கண்ணன். தலைவர் ரசீதுப் புத்தகத்த விரிச்சிட்டாரு."

ராணி, நீ பேனாவை வை. எனக்கு அங்கே ஒரு பேனாவைப் பிடுங்க வேண்டியிருக்கிறது.