தலைகீழாகத் தொங்கிய நரிவெங்காயம்

ஓசூரில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். அதுவும் வீட்டுக்காரம்மா மனசு வைத்து மோட்டார் போட்டால். அவருடைய ரோஜாத் தொட்டிகளுக்கு மட்டும் தினமும் குழாயில் பீய்ச்சுவார், போர்ட்டிகோவையும் கழுவிவிடுவார். நான் கோவில்பட்டியிலிருந்து கொண்டுவந்த துளசிக்கு அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றியதற்கு, செடிக்கு ஊற்றவா மோட்டார் போடுகிறேன் என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். துளசி கருகியது. எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் நரிவெங்காயம் வளர்த்தேன். ஓசூருக்கு வெளியே சானமாவுப் பக்கம் ரோடு அகலப்படுத்தத் தோண்டிய மண்ணில் உருண்டு கிடந்தது. பஸ் பழுதாகி நின்றபோது எடுத்து வந்தேன். பெரிய வெங்காயம் மாதிரி இருக்கும், ஆனால் ஆடுகூட வாய் வைக்காது. மழைக்கு இலை விடும். மழை நின்றால் இலையைக் காயவிட்டு உள்ளே அடங்கிக் கிடக்கும். கோடையில் இலையே இல்லாமல் பூக்கும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். தண்ணீருக்கு யார் முகத்தையும் பார்க்காத செடி. உடைந்த பெயிண்ட் வாளியில் நட்டு வாசலில் வைத்தேன். முதல் கோடையில் பூக்கவில்லை. அடுத்த கோடைக்காகக் காத்திருந்தேன்.

பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் வாளியில் வெறும் மண். கிழங்கு வீட்டுக்காரம்மாவின் வாசல்நிலைக்கு மேலே, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கறுப்புக் கயிற்றில் தலைகீழாகத் தொங்கியது. காற்றைக் குடித்தே துளிர்த்து வீட்டுத் திருஷ்டியை இழுத்துக்கொள்ளும் என்று ஆகாச கருடன் கிழங்கைக் கட்டுவார்களே, அது என்று நினைத்து அமாவாசையன்று கட்டிவிட்டார். கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அதிலிருந்து ஒரு பூந்தண்டு கிளம்பி, வளைந்து, மேலே நிமிர்ந்திருந்தது.

அது என்னுடையது, கருடன் கிழங்கும் இல்லை என்றேன். கட்டியதை அவிழ்த்தால் வீட்டுக்கு ஆகாது என்றார்.

"வாளியில செத்துக் கெடந்துது. நாந்தாம்மா எடுத்துக் கட்டிப் பொழைக்க வெச்சேன்."

நான் திருப்பிக் கேட்டேன்.

"தண்ணி குடுக்காம இருந்ததுக்குப் பேரு பொழைக்க வைக்கிறதாம்மா?"

அவருடைய முக்காலியையே இழுத்துப் போட்டு ஏறினேன். முடிச்சு அவிழவில்லை, கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தேன். வீட்டைக் காலி பண்ணு என்று அவர் கீழே நின்று தெலுங்கிலும் தமிழிலும் கத்தியது காதில் விழுந்தது. தண்டு ஒடியாமல் இறங்குவதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

வேறு வரிசை வீட்டுக்குப் போனோம். அங்கேயும் முறை வைத்துத்தான் தண்ணீர். என் கணவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாளியில் திரும்ப நட்டதும் பூ விரிந்தது. மண் நிறத்தில், தலை கவிழ்ந்த சின்னச் சின்னப் பூக்கள். தலையில் வைக்க முடியாது, சாமிக்கும் ஆகாது.

இதற்காகவா இருந்த வீட்டை விட்டீர்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்.

"இதுக்குத்தான்" என்றேன்.