மூன்றாவது முறை கேட்டால்தான்

புதன்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குச் செய்தி வந்தது. மாதத்தின் முதல் புதன் என்பதால் நகராட்சிக் கூரையில் சோதனைச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் மதாம் கார்வியின் பக்கத்து வீட்டுக்காரர் மெஸ்யு ஃபார்ஜாஸ் எதையோ சொல்கிறார், எனக்குக் கேட்கவில்லை. சங்கு அடங்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு, "மதாம் கார்வி வீட்டு ஜன்னல் கதவுங்க இன்னைக்குத் திறக்கலை. நான் உள்ள போய்ப் பார்த்தேன். நீங்க வரணும்" என்றார்.

போனேன். தூக்கத்திலேயே போய்விட்டாள்.

டிம்ப்னா கார்வி அயர்லாந்துக்காரி, கால்வே பக்கம். அறுபத்தெட்டு வயதில், கணவரை இழந்த பிறகு, தனியாக இங்கே பிரான்ஸின் க்ரூஸ் மாவட்டத்துக்கு வந்து ஒரு கல்வீட்டை வாங்கினாள். நான் அவளுக்கு முன்பே டென்மார்க்கிலிருந்து வந்து சேர்ந்தவள். அவள் முதல்முறை என் வீட்டுக்கு வந்தபோது காப்பி வேண்டுமா என்று கேட்டேன். "ஐயோ, வேண்டாம்" என்றாள். பாத்திரத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னாள், அன்று தொண்டை வறண்டு செத்தாளாம்.

"அப்புறம் ஏன் வேண்டாம்னே?"

"முதல் தடவையே சரின்னு சொன்னா, காப்பிக்கு அலைஞ்சு வந்தவன்னு நினைப்பாங்க. ரெண்டாவது தடவை கேட்டா, சிரமப்படாதீங்கன்னு சொல்லணும். மூணாவது தடவை கேட்டாத்தான் சரிங்கணும். எங்க ஊர்ல பச்சைக் குழந்தைக்குக்கூட இது தெரியும்."

"இந்த ஊர்ல ஒரு தடவைதான் கேப்பாங்க, தாயே."

"தெரியுது. ஒரு மாசமா எங்கேயும் காப்பியே கிடைக்கலை."

அவளுடைய வாரம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. திங்களன்று கடை எதுவும் திறக்காது, அன்று துணி துவைப்பாள். செவ்வாய்ச் சந்தையில் பாலாடைக்கட்டிக்காரியிடம் தன் பிரெஞ்சைச் சோதித்துப் பார்ப்பாள். புதன் மாலை தேவாலயப் பாடகர் குழு. வியாழனன்று மட்டுமே குப்பைக் கிடங்கு திறந்திருக்கும். என் காரில் இருவரும் காலிப் புட்டிகளோடு போவோம். வெள்ளி மதியம் அவள் வீட்டில் சாப்பாடு. ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஏதாவது ஒன்று குழப்பியடிக்கும். பன்னிரண்டுக்கு மேல் போய்ப் பூட்டிய தபால் நிலையத்தைத் தட்டுவாள். மழை விட்டதும் விறகுக்காரர் வருவார் என்று நாள் முழுக்க வாசலில் நிற்பாள். ஆனாலும் இந்த வாரத்தை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

கோடையில் எங்கள் ஊர் மருத்துவர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. சுற்றியுள்ள ஊர்களில் புதிய நோயாளிகளை யாரும் சேர்ப்பதில்லை. டிம்ப்னாவின் இதயம் தாளம் தப்பும். தினமும் மாத்திரை வேண்டும். மருந்துக்கடைக்காரர் பழைய மருந்துச் சீட்டிலேயே கொஞ்ச நாள் கொடுத்தார். கடைசிப் பெட்டியை நீட்டும்போது, "இதுக்கு மேல என்னால முடியாது மதாம், சட்டம் இடம் கொடுக்காது" என்றார்.

மகன் ஃபெர்கல் அயர்லாந்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அழைப்பான். ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவாள்.

"கிறிஸ்துமஸுக்குள்ள டாக்டர் கிடைக்கலைன்னா வீட்டை வித்துட்டு இங்க வந்துடும்மா. மாடி அறையை ஒழிச்சு வச்சிருக்கேன்."

"மாடி அறையில என்னப்பா பண்ணுவேன்?"

"நிம்மதியா இருப்பே."

அழைப்பு முடிந்ததும் என்னைப் பார்ப்பாள். "நிம்மதியா இருக்கச் சொல்றான். பயமா இருக்கு, கிர்ஸ்டன்."

பக்கத்து ஊர் மருத்துவமனையில் லவெர்ன் என்று ஓர் இளம் மருத்துவர் இருந்தார். காத்திருப்போர் வரிசையில் இவள் பெயரையும் எழுதி வைத்திருந்தார்கள். நவம்பர் நடுவில் ஒரு திங்கட்கிழமை, நான் அவளோடு துணி மடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மருத்துவரின் செயலாளர் மதாம் சோத்தூர்.

"ஒருத்தர் வேற ஊருக்குப் போயிட்டார், மதாம். மருத்துவர் உங்களைச் சேர்த்துக்கிறாங்க. வியாழக்கிழமை வரீங்களா?"

டிம்ப்னாவின் முகம் சிவந்துபோனது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, எனக்காக எதுக்குச் சிரமம்... என்னைவிட அவசரமானவங்க இருப்பாங்களே."

நான் துணியைப் போட்டுவிட்டுக் கையை ஆட்டினேன். அதற்குள் மறுமுனையில், "அப்படியா. ரொம்ப நல்ல மனசு, மதாம். இனிய நாளாகட்டும்" என்று கேட்டது. மதாம் சோத்தூர் வைத்துவிட்டாள்.

டிம்ப்னா தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை. மறுபடி கேட்பார்கள் என்று நின்றுகொண்டிருந்தாள்.

"வச்சுட்டாங்களா?"

"வேண்டாம்னுட்டியே."

"எங்க வேண்டாம்னேன்? இன்னொரு தடவை கேட்டிருந்தா சரின்னிருப்பேனே." நாற்காலியில் உட்கார்ந்தாள். "பத்து வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். வாய்க்கு இன்னும் புத்தி வரலை."

திரும்ப அழைத்தபோது இணைப்பு கிடைக்கவில்லை. மறுநாள் காலை காரில் கூட்டிப்போனேன். காத்திருப்பு அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிவிட்டு மேசையருகே போனோம். மதாம் சோத்தூர் கெட்டவள் இல்லை. அவளுக்குப் புரியவே இல்லை, அவ்வளவுதான்.

"நீங்களே வேண்டாம்னு சொன்னீங்க. அடுத்தவங்களுக்குக் கொடுத்தாச்சு."

"அது எங்க ஊர் மரியாதைங்க" என்றாள் டிம்ப்னா.

"வேணும்ங்கிறதை வேண்டாம்னு சொல்றதா?"

"ஆமா."

மதாம் சோத்தூர் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். "வரிசைக் கடைசியில போடுறேன். கூப்பிட்டா வரீங்களா?"

"கூப்பிட்டா ஓடி வரேன்."

"கூப்பிட்டாத்தான், மதாம்."

அதன்பின் அவளுடைய வாரம் குலைந்தது. குப்பைக் கிடங்கில் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது என்று வியாழனை நிறுத்தினாள். பாடகர் குழுவில் தொலைபேசியை மடியில் வைத்தே பாடினாள். மற்றவர்கள் முறைத்ததும் புதனும் போயிற்று. சந்தைக்கு நான் போய் வாங்கிவந்தேன். குளிக்கும்போதுகூடத் தொலைபேசி சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில்.

மாத்திரைப் பெட்டி குறையவேண்டிய அளவு குறையவில்லை என்று ஒரு நாள் கவனித்தேன்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கிறேன்" என்றாள். "அழைப்பு வர்ற வரைக்கும் தாங்கணுமே."

"பைத்தியமா உனக்கு? தினம் போடு. தீர்ந்தா அவசரப் பிரிவுக்குப் போவோம்."

"அங்க போனா ஃபெர்கலுக்குத் தெரிஞ்சிடும். அன்னைக்கே விமானம் ஏத்திடுவான்."

சண்டை போட்டேன். தினமும் போடுகிறேன் என்று சத்தியம் செய்தாள். நம்பவும் முடியவில்லை, அவள் வாயைத் திறந்து பார்க்கவும் முடியவில்லை.

பக்கத்து வீட்டு மெஸ்யு ஃபார்ஜாஸ் தோட்டம் போடுகிறவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, அவளுக்குப் பயிற்சி கொடுப்பதாக முன்வந்தார். வேலிக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு திடீரென்று கேட்பார்.

"மதாம் கார்வி, முட்டைக்கோஸ் வேணுமா?"

"ஐயோ, வே... சரி."

"யோசிச்சீங்க. தோத்துட்டீங்க. இன்னொண்ணு?"

"சரி."

"பூசணிக்காய்?"

"சரி."

"என் மாமியார்?"

"ச... போங்க மெஸ்யு."

பார்க்கும்போதெல்லாம் இதுதான். அவள் சமையலறையில் கால் வைக்க இடமில்லாமல் முட்டைக்கோஸ். ஞாயிறன்று ஃபெர்கல் அவளுக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னான். அன்று பயிற்சிக்கு அவள் வெளியே வரவில்லை.

போன வெள்ளி மதியம் நாங்கள் முட்டைக்கோஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தோம். தொலைபேசி அடித்தது. மேசையில் ஒருமுறை நழுவவிட்டு எடுத்தாள்.

"மதாம் கார்வி, லவெர்ன் மருத்துவர்கிட்ட..."

"சரி. சரி. சரி."

"நேரத்தை நான் இன்னும் சொல்லலையே, மதாம்."

"எந்த நேரமா இருந்தாலும் சரி."

மதாம் சோத்தூர் சிரித்தது எனக்கே கேட்டது. வியாழக்கிழமை பத்தரை மணி. டிம்ப்னா உடனே மகனை அழைத்தாள். "மருந்துச் சீட்டு கைக்கு வரட்டும்மா. அப்புறம் டிக்கெட்டைப் பத்திப் பேசலாம்" என்றான். அவளுக்கு அது போதுமாயிருந்தது. சூப்பை மறுபடி சூடாக்கினாள். வேண்டுமா என்று என்னை ஒரே ஒரு முறைதான் கேட்டாள்.

சனி, ஞாயிறு நன்றாகவே இருந்தாள். திங்களன்று துவைத்தாள். செவ்வாயன்று தானே சந்தைக்குப் போனாள். மேடு ஏறும்போது இரண்டு இடத்தில் நின்றாள். "மூச்சுதான், வேற ஒண்ணுமில்ல. நாளை மறுநாள் டாக்டர்கிட்டயே கேட்டுக்கலாம்" என்றாள். அவசரப் பிரிவுக்குப் போகலாமா என்று கேட்டேன். "வேண்டாம்" என்றாள். இன்னொரு முறை கேட்டேன். அப்போதும் வேண்டாம் என்றாள்.

இன்று மதியம் வந்த அவசர மருத்துவர், இதயம் என்றார். மாத்திரையைப் பற்றி நான் சொன்னேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். ஃபெர்கல் நாளை மாலை வருகிறான். ஜன்னல் கதவுகளை அப்படியே சாத்தி வைத்திருக்கிறோம்.

லவெர்ன் மருத்துவமனை புதன் மதியத்துக்கு மேல் திறப்பதில்லை. அழைத்தேன். பீப் ஒலிக்குப் பிறகு தகவலைச் சொல்லும்படி பதிவுக்குரல் சொன்னது. ஒலி வந்தது, நான் வைத்துவிட்டேன். வியாழன் பத்தரை மணி இன்னும் டிம்ப்னா கார்வி பெயரில்தான் இருக்கிறது.