கருட சேவையன்று காஞ்சிபுரத்துக்கு ஒரு பவளம்

2002, வைகாசி. காலை ஆறரைக்குச் செங்கல்பட்டில் பேருந்து மாறி, முப்பத்தாறு கிலோமீட்டரும் நின்றுகொண்டே வந்து காஞ்சிபுரத்தில் இறங்கினேன். பயணச்சீட்டு பன்னிரண்டு ரூபாய். இடுப்போடு அணைத்திருந்த ஐஸ் பிளாஸ்கில், முந்தின நாள் தூத்துக்குடிக் கடலில் வெட்டியெடுத்த பவளத் துண்டு. அந்தக் கோடையில் கடல் சூடேறிப் பவளமெல்லாம் எலும்பாக வெளுத்துக் கிடக்க, ஒரே ஒரு திட்டு மட்டும் நிறம் மாறாமல் நின்றது. சூட்டைத் தாங்கும் மரபணு எதுவென்று தெரிந்தால் அந்த வகையையே வளர்த்துக் கடலில் நடலாம். நாலு வருடமாக நான் தேடியது இதைத்தான். ஐஸ் உருகினால் சதை அழுகிவிடும்.

ஆட்டோக்காரர் சிரித்தார். “காலேஜுக்கா? இன்னிக்கு கருட சேவைமா. ஜனம் வந்துக்கினே இருக்குது, ஊரே லீவு.”

முப்பது ரூபாய்க்குச் சின்ன காஞ்சிபுரத்தில், மரபணுவைச் சோதித்துத் தரவிருந்த கல்லூரிப் பேராசிரியர் வீட்டு வாசலில் விட்டார். பேராசிரியர் பெருமாள் புறப்பாட்டோடு போயிருந்தார். அவர் மனைவி காபி கொடுத்தார். துண்டை ஃப்ரிட்ஜில் ஐஸ் அறைக்குள் வைக்கச் சொன்னேன்.

“பவழமா? மோதிரத்துக்கா?”

“இல்லை மாமி, இது ஜீவன்.”

“அப்படியா! நீங்க போய்ச் சேவிச்சுட்டு வாங்கோ.”

நெரிசலில் பெருமாள் குடையின் நுனியைத்தான் சேவித்தேன். பதினொரு மணிக்குத் திரும்பினால், கிணற்றடி வெயிலில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதில் மிதந்தது பவளத்தைச் சுற்றியிருந்த உறை. அடியில் கிடந்தது துண்டு.

“பெருமாள் தளிகைக்குப் பால் வெச்சிருக்கற இடமோன்னோ. ஜீவன்னேளே, விறைச்சுடுமேன்னு தண்ணில விட்டேன்” என்றார், கரிசனத்தோடு.

துண்டைத் தொட்டேன்; சதை கையோடு உரிந்து வந்தது. நெற்றி நிறைய நாமத்தோடு வந்த பேராசிரியர் வாளியை எட்டிப் பார்த்தார். “அடுத்த வாரம் புதுசா ஒண்ணு கொண்டு வந்துடுங்கோ.” கத்தரிக்காய் வாங்கி வரச் சொல்வதுபோல் சொன்னார்.

பேருந்து நிலையத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து தூத்துக்குடிப் படகுக்காரரை அழைத்தேன்.

“அந்தத் திட்டா அக்கா? விடியக்காலம் வள்ளத்துல வந்து பவளக்கல்லெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டானுவ, சுண்ணாம்புக் காளவாசலுக்கு. வெளுத்தது வெளுக்காததுன்னு அவனுவ பாக்கவா போறானுவ?”

பிற்பகல் இரண்டரை மணிப் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மாமி கட்டிக் கொடுத்த புளியோதரையைப் பிரிக்க மனமில்லை. அவர் மீது கோபப்படவும் முடியாமல் செங்கல்பட்டு வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். கடலின் சூட்டைத் தாங்கிய ஒரே பவளம் இந்நேரம் காளவாசலில் வெந்துகொண்டிருக்கும்.